முப்பத்தொரு கிலோ எங்கே போனது

என் தம்பியைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் இடுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் தையற்காரி. ஆட்களை முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, அளவை வைத்துத்தான். அவனுக்குப் பதினைந்து வயதில் இருபத்தாறு அங்குலம். பேருந்து ஓட்டுநர் வேலையில் சேர்ந்த அன்று முப்பது. கல்யாணத்துக்கு முப்பத்திரண்டு. அதன் பிறகு அவன் பெண்டாட்டியின் கைமணமும் பணிமனை உணவகத்தின் எண்ணெய்ச் சட்டியும் போட்டி போட்டுக்கொண்டு வளர்த்ததில், ஐம்பது வயதில் நாற்பத்துநான்கு. ஓட்டுநர்களின் சீருடை எல்லாம் என் கடையில்தான் தைப்பது. மற்றவர்களுக்கு எடுக்கும் துணியில் அவனுக்கு மட்டும் அரை மீட்டர் கூடுதலாக எடுப்பேன்.

அவனுக்கு ஒரு நகலும் உண்டு. இரட்டைப் பிள்ளைகள். ஏழு நிமிடம் முன்னால் பிறந்த இந்த ஓட்டுநர் பெரியவன், பின்னால் பிறந்தவன் சின்னவன், இவர்களுக்கு நாலு வருடம் முன்னால் பிறந்து இரண்டு பேரையும் கட்டி மேய்ப்பதற்கு நான். ஒரே முகம், ஒரே சுழி, ஒரே மாதிரி தும்மல். சின்ன வயதில் ஒருவனுடைய அளவை எழுதி இரண்டு சட்டை வெட்டுவேன். மருத்துவமனையில் எவனையாவது மாற்றிக் கொடுத்திருந்தால்கூடத் தெரிந்திருக்காது.

வளர்ந்த பிறகு எந்தக் குழப்பமும் இல்லை. சின்னவன் கண்ணாடிக் கடை வைத்தான். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் சில்லு அரைப்பான், சட்டத்தில் பொருத்துவான், கடைக்குப் பின்னாலேயே ஒரு அறையில் தனியாகக் குடியிருந்தான். கல்யாணம் வேண்டாம் என்று விட்டான். சமையலும் வேண்டாம் என்று விட்டான். அரைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா இருக்கும், அதற்குப் பக்கத்தில் டீ. ஒரு நாளைக்குப் பதினாலு டீ, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சர்க்கரை. மத்தியானச் சாப்பாடு என்று தட்டு வைத்து உட்கார்ந்து அவன் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஐம்பது வயதில் இடுப்பு முப்பத்தொன்று. வருகிறவர்கள் எல்லாம் உடம்பை எப்படி வைத்திருக்கிறான் பார் என்பார்கள். அவனும் தவம் செய்து பெற்றது போல வயிற்றைத் தடவிக்கொள்வான்.

இரண்டு பேருக்கும் வயிற்றுக்குள் ஒரே பயம் இருந்தது. எங்கள் அப்பா ஐம்பத்திரண்டு வயதில் சர்க்கரை நோயில் போனார். செருப்பு கடித்த சின்னப் புண், ஆறவே இல்லை. அப்போது எங்களைப் பார்த்த மருத்துவர், இது பரம்பரையாக வரக்கூடியது, பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டும் என்று சொன்னார். அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெரியவனின் கட்சி: எப்படியும் வரத்தான் போகிறது, அதற்குள் தின்றுவிடுவோம். சின்னவனின் கட்சி: அது குண்டர்களுக்குத்தான் வரும், அந்தப் பங்கையும் சேர்த்து அண்ணனே வாங்கிக்கொள்வான். இரண்டு கட்சிக்கும் கொள்கை வேறு, சாப்பாட்டு மேசையில் நடந்துகொண்ட விதம் ஒன்றுதான்.

பெரியவனுக்கு அந்தப் பேருந்துதான் உயிர். இருபத்தாறு வருடம், ஒரே தடம். சந்தை, பள்ளிக்கூடம், பாலம், மருத்துவமனை, கடைசி நிறுத்தம், திரும்ப அதே வழி. யார் எந்த நிறுத்தத்தில் ஏறுவார், யார் வர நேரமாகும், யாருக்கு முழங்கால் வலி, எல்லாம் அவனுக்குத் தெரியும். முழங்கால் வலிக்காரர்களுக்காக வண்டியை நடைமேடையை ஒட்டி அரை அடி இடைவெளியில் நிறுத்துவான். வீட்டில் ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தை நேராக வைக்கத் தெரியாத ஆள் அவன். அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் ராஜா.

ஐம்பது வயதில் நடந்த வருடாந்திர உடல் பரிசோதனையில் அவனுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. எடை தொண்ணூற்றுமூன்று. அடுத்த பரிசோதனையில் கோட்டைத் தாண்டினால் வண்டியிலிருந்து இறக்கி, பணிமனையில் வேறு வேலை கொடுத்துவிடுவோம் என்று அட்டையில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்கள்.

அட்டையை முதலில் படித்தது அவன் பெண்டாட்டி. அன்றைக்கே எண்ணெய்ச் சட்டியைக் கழுவிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். கீரை, பயறு, தவிட்டோடு இருக்கிற தானியம், காய்கறி, பழம், அளவான சோறு. பணிமனை உணவகத்துக்கே போய், இவர் எது கேட்டாலும் தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள் என்று கட்டளை போட்டுவிட்டு வந்தாள். தினமும் இரவு ஏழரைக்குச் சாப்பாடு, அப்புறம் முக்கால் மணி நேரம் நடை. பெரியவன் ஒரு வருடம் மூக்கால் அழுதான். என் கடைக்கு வந்து உட்கார்ந்து, வீட்டில் என்னை ஆடு மாதிரி நடத்துகிறாள் அக்கா என்று புலம்புவான். இவ்வளவும் செய்து ஒரு வருட முடிவில் நாற்பத்துநாலு அங்குலம் நாற்பத்திரண்டாகத்தான் ஆனது. எடை எண்பத்தொன்பது. நாலு கிலோவுக்காக ஒரு வருடம் இலை தின்றேனா என்று அவன் மனம் விட்டுப்போனான்.

பரிசோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். சேர்ந்து வந்தாலே ஏதோ வில்லங்கம் என்று எனக்குத் தெரியும். சின்னவனுடைய அளவில் ஒரு ஓட்டுநர் சீருடை வேண்டும் என்றார்கள்.

விஷயம் இதுதான். பெரியவனுக்குப் பதிலாகச் சின்னவன் போய் ரத்தம் கொடுப்பது. பழைய மருத்துவ அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார், புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார், அவருக்கு முகம் தெரியாது. அடையாள அட்டையிலுள்ள படம் இருபத்தாறு வருடம் முன் எடுத்தது. நான் வாங்கிப் பார்த்தேன். அந்தப் படத்தை வைத்துப் பார்த்தால் சின்னவன்தான் ஓட்டுநர், பெரியவன் ஆள்மாறாட்டம் செய்ய வந்தவன்.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டேன். பெரியவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னக்கா ஏமாத்து? நாங்க ரெண்டு பேரும் ஒரே கரு. மரபணு ஒண்ணு, ரத்தம் ஒண்ணு. அவன் கையில எடுத்தா என்ன, என் கையில எடுத்தா என்ன?"

"ரத்தம் ஒண்ணுன்னா நீயே போய்க் குடேன்டா. எதுக்கு அவன்?"

"அவன் ஒல்லியா இருக்கான்ல."

"அப்ப ரத்தம் வேறன்னு ஆகுது. வேறன்னா அது ஏமாத்துதானே?"

அவன் என் கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து என் கையில் திணித்தான். பிறகு, "நீ தைச்சுக் குடுப்பியா மாட்டியா, அதை மட்டும் சொல்லு" என்றான். குரல் உடைந்துபோயிருந்தது. "அந்த சீட்ட விட்டு எறக்கிட்டா நான் என்னக்கா பண்ணுவேன்? எனக்கு வேற என்ன தெரியும்?"

இதைக் கேட்ட பிறகு நான் என்ன செய்வது. ஒரு மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தேன். புத்தி சொல்ல வேண்டிய மூத்தவள் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

பரிசோதனை நாளன்று சின்னவன் கம்பீரமாகத்தான் போனான். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். அவனும் வெறும் வயிற்றில்தான் போனான், ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் தவிர. அதெல்லாம் சாப்பாட்டில் சேராது என்பது அவன் அகராதி. அங்கே போனதும் முதல் காரியமாக அவனை எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறச் சொன்னார்கள்.

எடையைப் பற்றி எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் யோசனை வரவில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிழைக்கிறவள் நான், எனக்கே வரவில்லை. முள் அறுபத்திரண்டில் நின்றது. அட்டையில் போன வருடம் தொண்ணூற்றுமூன்று.

டாக்டரம்மா அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாராம். முப்பத்தொரு கிலோ எப்படிக் குறைந்தது என்று கேட்டாராம். சின்னவன் அங்கேயே மயங்கி விழாமல், கீரை டாக்டர், கீரையும் பயறும், இரவு ஏழரைக்குச் சாப்பாடு, முக்கால் மணி நேரம் நடை என்று அண்ணன் புலம்பியதை எல்லாம் அப்படியே ஒப்பித்திருக்கிறான். வரிசையில் நின்ற மற்ற ஓட்டுநர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆள் யார் என்று தெரியும், தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தொழிலாளர் ஒற்றுமை. டாக்டரம்மா மட்டும் பாராட்டவில்லை. ரத்தம் எடுத்துக்கொண்டு, நாளைக்குக் கூப்பிடுகிறோம் என்று யோசனையாகச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரியவனுடைய கைபேசி அடித்தது. அவன் என் கடையில்தான் இருந்தான். டாக்டரம்மாவே பேசினார். சர்க்கரை முந்நூற்று நாற்பது, மூன்று மாதச் சராசரியும் மோசம், எடை வேறு இப்படிக் கொட்டியிருக்கிறது, உடனே போக்குவரத்து மருத்துவமனைக்கு வந்து சேருங்கள், வண்டியைத் தொடக்கூடாது என்றார்.

பெரியவன் முகத்தில் ரத்தமே இல்லை. அப்படியே முக்காலியில் உட்கார்ந்தான். காலைத் தூக்கிச் செருப்பைக் கழற்றி உள்ளங்காலைப் பார்த்தான், எங்கேயாவது புண் இருக்கிறதா என்று. எனக்கும் அப்பா ஞாபகம் வந்தது. அரை நிமிடம் கழித்துத்தான் இது தன் ரத்தம் இல்லையே என்று அவனுக்கு உறைத்தது. "அப்பாடா" என்று மூச்சு விட்டுச் சிரித்தேவிட்டான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள், அது யாருடைய ரத்தம் என்பதும் உறைத்தது. அவன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நாற்பத்திரண்டு அங்குல இடுப்போடு, ஒரு காலில் செருப்போடு, மூன்று தெரு தாண்டிக் கண்ணாடிக் கடைக்கு ஓடினான். நான் கடையைப் பூட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

சின்னவன் சில்லு அரைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் நம்பவில்லை. இயந்திரம் கோளாறு, உன் பெயர் எழுதின குப்பியில் ஊற்றியதால் உன் நோய் ஒட்டிக்கொண்டது என்றெல்லாம் பேசினான். நான் அவன் மேசையைப் பார்த்தேன். அவனுக்கென்றே அரைத்த மூன்று மூக்குக்கண்ணாடிகள் வரிசையாக இருந்தன. ஒரு வருடத்தில் மூன்று தடவை பார்வை மாறிவிட்டதாம். ஒரு மாதம் தெளிவு, ஒரு மாதம் மங்கல். மற்றவனாக இருந்தால் பயந்து மருத்துவரிடம் ஓடியிருப்பான். இவன் கையில் தொழில் இருக்கிறதே, ஒவ்வொரு தடவையும் புதுச் சில்லு அரைத்துப் போட்டுக்கொண்டான். தாகம் ஏன் இப்படி என்று கேட்டால், சில்லு அரைக்கிற தூசி. அடிக்கடி பின்பக்கம் போவது ஏன் என்றால், டீ. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக வைத்திருந்தான்.

அப்புறம் யார் மருத்துவமனைக்குப் போவது என்று சண்டை. பெயர் உன்னுடையது, நீ போ என்றான் சின்னவன். ரத்தம் உன்னுடையது, நீ போ என்றான் பெரியவன். போனால் மாட்டிக்கொள்வோம், வேலை போய்விடும் என்று இரண்டு பேருக்கும் பயம். நான் பிஸ்கட் டப்பாவை எடுத்து மேசையில் ஓங்கி வைத்தேன். ரத்தம் யாருடையதோ அவன்தான் போக வேண்டும் என்றேன். ஆக, சின்னவன் அண்ணனுடைய சீருடையைப் போட்டுக்கொண்டு, அண்ணனுடைய பெயரில், போக்குவரத்து மருத்துவமனையில் இரண்டாம் மாடிக் கட்டிலில் படுத்தான். பெரியவன் வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். ஊருக்கு அவன் மருத்துவமனையில் இருக்கிறான். பெண்டாட்டிக்கு விஷயம் தெரிந்து அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை, ஆனால் கீரையை நிறுத்தவும் இல்லை.

இத்தோடு போயிருந்தால் எப்படியோ சமாளித்திருப்போம். மூன்றாம் நாள் மாலை நான் பார்க்கப் போனபோது சின்னவன் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். டாக்டரம்மா வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போன வருடம் ரத்தம் எல்லைக்கோட்டில்தான் இருந்தது, ஒரே வருடத்தில் முப்பத்தொரு கிலோ போய் சர்க்கரை இவ்வளவு ஏறியிருக்கிறது என்றால், உள்ளே கணையத்தில் கட்டி ஏதாவது இருக்கலாம், நாளைக் காலை படம் எடுக்கிறோம், தேவைப்பட்டால் குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்க்கிறோம் என்று. எந்தப் புத்தியுள்ள மருத்துவரும் அப்படித்தான் நினைப்பார். அவர் கையிலிருந்த கணக்கு அப்படி. ஒரு ஆளின் போன வருடத்தையும் இன்னொரு ஆளின் இந்த வருடத்தையும் ஒட்டுப்போட்டு நாங்கள் கொடுத்த கணக்கு.

"அக்கா," என்றான் சின்னவன், திரும்பாமலே. "என் எடை இருபது வருஷமா அறுபத்திரண்டுதான். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். ஆனா இதைச் சொன்னா அவன் வேல போயிடும். நான் வேணா குழாய விட்டுக்கறேன்."

எனக்கு அழுகையும் வந்தது, அவன் முதுகில் இரண்டு போட வேண்டும் போலவும் இருந்தது. பிஸ்கட்டில் மட்டும்தான் இவனுக்குப் புத்தி இல்லை என்று நினைத்திருந்தேன்.

நேரே பெரியவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நான் ஒன்றும் எடுத்துச் சொல்லவில்லை, கெஞ்சவில்லை. அவன் முழுவதும் கேட்டான். எழுந்து உள்ளே போய்ச் சீருடையைப் போட்டான். அவனுடைய சொந்தச் சீருடை, நாற்பத்திரண்டு அங்குலத்துக்கு நான் பிடித்துக் கொடுத்தது. தொப்பியையும் எடுத்து வைத்துக்கொண்டான். கடைசியாக ஒரு தடவை போட்டுக்கொள்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அவன் பெண்டாட்டியும் புரிந்துகொண்டு அவன் காலரைச் சரிசெய்து விட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டாக்டரம்மா தாதியோடு சுற்றி வந்தபோது, நாங்கள் கட்டிலருகே நின்றோம். டாக்டரம்மா கட்டிலில் இருந்த முகத்தைப் பார்த்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்ற முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பெரியவன் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டான்.

"டாக்டர், முப்பத்தொரு கிலோ எங்க போச்சுன்னு தேடறீங்களாமே. எங்கயும் போகல. இருபத்தேழு இங்க இருக்கு," என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினான். "மீதி நாலு என் வீட்டுக்காரி எடுத்துட்டா. இவன் என் தம்பி. ரத்தம் இவனோடது, அட்டை என்னோடது. தப்பு பூராவும் என்னோடது. இவனுக்குக் குழாய் விட வேணாம்."

தாதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. கால் மணி நேரம் திட்டினார். எனக்கும் கிடைத்தது, அந்தச் சீருடையைத் தைத்தது யார் என்று கேட்டபோது நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். திட்டி முடித்த பிறகு, பெரியவனைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, கையை நீட்டுங்கள் என்று தானே ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். அதிகாரி மறுபடி ஏமாறக் கூடாதாம்.

சாயங்காலம் அறிக்கை வந்தது. பெரியவனுடைய சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு நன்றாகக் கீழே இருந்தது. மூன்று மாதச் சராசரியும் அப்படியே. கொழுப்பும் இறங்கியிருந்தது. அவன் கொடுத்திருக்க வேண்டிய பரிசோதனையில் அவன் ஜோராகத் தேறியிருப்பான், தனக்குப் பதிலாக ஆள் அனுப்பாமல் இருந்திருந்தால்.

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. நாலு கிலோதானே டாக்டர் குறைந்தது என்றான். அப்புறம் அவனுக்குள் இந்த நாலு நாளாக இருந்த கேள்வியைக் கேட்டான். ஒரே மரபணு என்றால் அவனுக்கு மட்டும் எப்படி?

டாக்டரம்மாவுக்கு அதற்குள் கோபம் தணிந்திருந்தது. என் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைப் பார்த்துவிட்டு என்னிடமே கேட்டார், அளவுகளை எப்படி வைத்திருப்பீர்கள் என்று. நோட்டில் என்றேன். தேவையில்லாத பக்கங்களை ஊசி குத்தி மூடி வைத்துவிடுவேன், தைக்கிற பக்கம் மட்டும் திறந்திருக்கும்.

"அதேதான்மா," என்றார். "இவங்க ரெண்டு பேருக்கும் ஒரே நோட்டு. எழுத்து ஒண்ணுகூட மாறல. ஆனா எந்தப் பக்கம் தெறந்திருக்கு, எந்தப் பக்கத்துல ஊசி குத்தியிருக்குங்கறது மாறும். உடம்பு மரபணு மேல சின்னச் சின்ன அடையாளம் வைக்குது, இதைப் படி, இதைப் படிக்காதன்னு. அதை வைக்கறதுலயும் எடுக்கறதுலயும் நாம தினம் சாப்பிடறதுக்கு ஒரு கை இருக்கு. தூக்கத்துக்கு, நடைக்கு, புகைக்கு, கவலைக்கும் இருக்கு. அம்மா வயித்துல இருக்கும்போதே இது ஆரம்பிச்சுடுது. அங்க ரெண்டு பேரும் ஒண்ணாதான் சாப்பிட்டீங்க. அப்புறம்தான் தட்டு வேற ஆச்சு."

அப்படியானால் நான் பிழைத்தேன், எனக்கு இனி வராது என்றான் பெரியவன். அவர் தலையை ஆட்டினார். அப்படியெல்லாம் எழுதிக் கொடுக்க முடியாது, உங்கள் அப்பாவின் பக்கம் உங்கள் நோட்டிலும் இருக்கிறது, கிழித்துப்போட முடியாது, மூடி வைக்கப் பார்க்கலாம், அவ்வளவுதான் என்றார். எல்லா ஊசியும் நாம் நினைத்தபடி குத்தவோ எடுக்கவோ வராது, ஒரு வாரக் கீரைக்கு ஒன்றும் ஆகாது, வருடக் கணக்காகச் செய்ய வேண்டும் என்றார். நாலு கிலோவைப் பார்த்து ஏமாந்துவிட்டீர்கள், வேலை உள்ளே நடந்திருக்கிறது என்றும் சொன்னார். ஒல்லியாக இருந்தாலே நல்லது என்று உங்களுக்கு யார் சொன்னது என்று சின்னவனைக் கேட்டார். அவனுக்கு அதைச் சொன்னது ஊர் முழுக்க.

விசாரணை நடந்தது. பெரியவனுடைய தண்டனைக் கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், அப்படி ஒரு கடிதம் யாருக்கும் வந்திருக்காது. மேற்படி ஊழியர் வாகனம் ஓட்ட முழு உடல் தகுதியுடன் இருப்பதாலும், அதை மறைத்த குற்றத்துக்காகவும், ஆறு மாதம் பேருந்து கழுவும் பிரிவுக்கு மாற்றப்படுகிறார் என்று இருந்தது. வேலை தப்பியதே டாக்டரம்மா எழுதிக் கொடுத்த ஒரு வரியால்தான். தானாக வந்து சொன்னார், அதனால் ஒரு நோயாளிக்குத் தவறான சிகிச்சை தவிர்ந்தது என்று எழுதியிருந்தார்.

ஆறு மாதம் என் தம்பி முழங்கால்வரை ரப்பர் காலணி போட்டுக்கொண்டு மற்றவர்கள் ஓட்டி வந்த பேருந்துகளைக் கழுவினான். தன் வண்டி வந்தால் மட்டும் இரண்டு தடவை கழுவுவான். நடைமேடையில் உரசின கீறல் எதையாவது பார்த்துவிட்டால் அன்றைக்கு எல்லாரையும் திட்டுவான்.

சின்னவனைத்தான் வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. மாத்திரை போடுவான், ஊசியும் குத்திக்கொள்வான், சாப்பாடு என்றால் மட்டும் நழுவுவான். அண்ணன் பெண்டாட்டி மூன்று அடுக்குப் பாத்திரத்தில் கொடுத்தனுப்பினால் மாலையில் அது அப்படியே இருக்கும், பிஸ்கட் டப்பா இடம் மாறியிருக்கும். ஒரு தடவை சில்லுப் பெட்டிக்குள், ஒரு தடவை பார்வைப் பலகைக்குப் பின்னால். சாப்பிட நேரமே இல்லை என்பான். தனியாக உட்கார்ந்து சாப்பிடத் தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது என்று ஒரு நாள் என்னிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டான். முப்பது வருடமாக அவன் ஏன் தட்டு வைத்து உட்காரவில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரியாமல் இருந்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. பெரியவனிடம் சொன்னேன்.

ஆறு மாதம் முடிந்து பெரியவன் மறுபடி வண்டியேறிய முதல் வாரம், நான் துணி வாங்கச் சந்தை நிறுத்தத்தில் ஏறினேன். மத்தியானம் ஒரு மணி. கண்ணாடிக் கடை நிறுத்தத்தில் சின்னவன் கடையைப் பூட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தான், கையில் மூன்றடுக்குப் பாத்திரம். ஏறி ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தான். கடைசி நிறுத்தத்தில் வண்டி இருபது நிமிடம் நிற்கும். பெரியவனும் தன் பாத்திரத்தை எடுத்து வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் கீரையும் பயறும் சோறும் சாப்பிட்டார்கள், ஒரே மாதிரி மென்று, ஒரே மாதிரி முகம் சுளித்து.

இருபது நிமிடம் ஆனது. பெரியவன் எழுந்து போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்து, தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் திருப்பித் தம்பியின் தட்டைப் பார்த்தான். காய் பாதி இருந்தது. பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். முழங்கால் வலிக்கார அம்மா ஒருவர் ஏன் கிளம்பவில்லை என்று கேட்டார்.

"கெளம்பிடலாம்மா," என்றான் பெரியவன், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்கப்பா அம்பத்திரண்டுல போனாரு. எங்களுக்குப் போன மாசம் அம்பத்திரண்டு முடிஞ்சுது. அவன் அந்தக் காய முடிக்கட்டும்."

வண்டியில் இருந்த எல்லாரும் திரும்பிச் சின்னவனைப் பார்த்தார்கள். அவன் குனிந்துகொண்டு சாப்பிட்டான். அந்த அம்மா எட்டிப் பார்த்து, அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது தம்பி என்று சொன்னார். அதையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினான். நான் அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வண்டி ஏழு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.